பசிக்கிற ஆள் ஆக்கட்டும்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. ஆண்பிள்ளை கலியாணத்தன்று ஒரு பையோடு போய் மனைவி வீட்டில் ஏறிக்கொள்வான். பிறகு சாகும்வரை அங்கே மரியாதையான விருந்தாளி. என் பையில் உடுப்பைவிடப் புத்தகம் கூடவாக இருந்தது. மனைவியின் அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னகா, மாப்பிள அத்திவாரத்துக்குக் கல்லும் கொண்டு வந்திரிக்காரு" என்றார். கல்லாக இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது பிரயோசனமாகியிருக்கும்.

நான் புத்தகம் மட்டும் தெரிந்த மனிதனாக ஆனதற்கு அறிவுத்தாகம் காரணமில்லை. என் தலைமுறைப் பொடியன்களுக்கு மட்டக்களப்பில் சொல்லித்தரப்பட்ட ஒரே கைத்தொழில், வீட்டுக்குள் இருப்பது. சைக்கிள் ஓடப் பழகியது கிணற்றைச் சுற்றி. வாவி கூப்பிடு தூரத்தில், நீந்தத் தெரியாது. கடைக்குத் தங்கச்சி போவாள். வாகனச் சத்தம் கேட்டால் நான் நெல்மூடைகளுக்குப் பின்னால் போவேன். வீட்டு முன்னால் போகும் ஒழுங்கையைத் தாண்டிப் போய்வரத் தெரிந்த பொடியன்களில் சிலர் தாங்களாகவே இயக்கத்துக்குப் போனார்கள், சிலரைக் கொண்டுபோனார்கள். யார் கொண்டுபோனது என்று கேட்பதும் வெளியே போவது மாதிரித்தான். அதையும் எங்களுக்குப் பழக்கவில்லை. அம்மா சோற்றுக் கோப்பையை மூடைக்குப் பின்னாலேயே கொண்டுவந்து தருவா. இப்படி வளர்கிறவன் ஒன்றில் நிறைய வாசிப்பான், இல்லாவிட்டால் பைத்தியமாவான். நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டுக்கும் நடுவே அரசாங்கம் வைத்திருக்கும் பதவி அது.

மனைவியின் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் துண்டில் இருந்தது. கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரோடும் நாங்கள் நாலு பேரும் செங்கலடியில், என் தங்கச்சி வீட்டில் நின்றோம். திரும்பி வந்து பார்த்தபோது கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. இவ்வளவு காலமும் அதைச் சுற்றி ஒரு வீடு இருந்தது என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் வேண்டும். நம்பக்கூடிய அயலவர் பலரும் இல்லை.

பிறகு ஒரு பாடசாலையில் முகாம். அங்கே ஆண்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை தெரிந்திருந்தது. ஒருவர் குழி வெட்டினார், ஒருவர் தகரம் அடித்தார், ஒருவர் அறுந்த வயர்களை முடிச்சுப் போட்டு வெளிச்சம் கொண்டுவந்தார். எனக்கு என்ன தெரியும் என்று நானே யோசித்துக்கொண்டு நின்றதைக் கண்ட ஒரு தொண்டர், "சேர், நீங்க கிண்டுங்க" என்று கையில் ஒரு சவளைத் தந்தார். தோணியைக் கடலுக்குக் கொடுத்த ஒருவரிடம் மிஞ்சிய துடுப்பு அது. சனத்துக்கெல்லாம் ஆக்கும் பெரிய கிடாரத்தின் அடியைத் தொட அந்த நீளத்தில் வேறு எதுவும் அகப்படவில்லை. வாவியில் ஒருநாளும் சவள் போடாத நான் பருப்பில் போட்டேன். கடல்மீனை ஊரில் யாரும் தொடாத மாதங்கள் அவை. ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆகவே பருப்பு, பூசணிக்காய், மறுபடி பருப்பு. என் வாழ்நாளில் நான் கற்ற முதலாவது சமையல், ஒரு பாடசாலை நிறையச் சனத்துக்கான சமையல்.

அதற்குப் பிறகு உள்பக்கமாக ஒரு குடியேற்றத்தில் வீடு தந்தார்கள். சுவரும் கூரையும் இருந்தன. பூச்சில்லை, கதவில்லை, குசினி என்ற பேச்சே இல்லை. மனைவியும் அவளுடைய அக்காவும் ஓடித்திரிந்து பக்கத்துப் பக்கத்து வளவாக எடுத்துக்கொண்டார்கள். மிச்ச வேலையை முடிக்க வீட்டில் யாராவது ஒருவர் எதையாவது விற்க வேண்டியிருந்தது. என்னிடம் விற்க ஒன்றுமில்லை. அவளிடம் சமையல் இருந்தது. ஒரு வளைகுடா நாட்டு வீட்டுக்கு அதை விற்கப் புறப்பட்டாள்.

போகும்போது பஸ்ஸடியில் வைத்துச் சொன்னாள்: "மகள் ஏ.எல். எடுக்கணும். அதுக்குத்தான் போறன். வீடு ரெண்டாவது. விளங்கினதா?"

"விளங்கின" என்றேன். விளங்கியதாகச் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

மகள் அப்போதுதான் ஏ.எல். என்கிற உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குச் சேர்ந்திருந்தாள். மகன் அவளைவிட நாலு வயது இளையவன். எப்போதும் பசியோடு இருப்பவன். மனைவி போன மறுநாள் காலையில் அவளுடைய அக்கா, எனக்கு மச்சாள், வேலியில் ஓலை பிரிந்து விழுந்த பொட்டுக்குள்ளால் வந்து, இல்லாத குசினியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், புள்ளய இனிப் பள்ளிக்கு விடாம மறிச்சிருங்க. தாய் இல்லாத வீட்டுல மூத்த பொம்பிளப் புள்ளதானே ஆக்கணும். ரோட்டும் சரியில்ல."

இரண்டு காரணங்களும் வலுவானவை. முதலாவது ஊர் வழமை. இரண்டாவதைச் சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் அந்த ஒழுங்கையில் கிடையாது. அவருடைய மூத்த மகன் ஒரு பின்னேரம் டியூசனுக்கென்று சைக்கிளில் போனவன். சைக்கிள் மட்டும் ஒரு மதகடியில் சாத்திவைத்தபடி கிடைத்தது. அது நடந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? நான் சும்மா நின்றேன். சும்மா நிற்பது இங்கே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

மகள் சில வாரம் ஆக்கினாள். காலையில் புட்டு, பகலுக்குச் சோறு, இரவுக்கு மறுபடி ஏதோ. முதலில் காலை டியூசன் போனது, பிறகு வாரத்தில் இரண்டு நாள் பாடசாலை போனது. பௌதிகப் புத்தகத்தை அடுப்படியில் விரித்துவைத்திருந்தாள். பக்கங்களில் மஞ்சள் ஏறியது, படிப்பு ஏறவில்லை. நானும் மகனும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்றும் சொன்னோம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் தேங்காய் துருவும் பலகையைத் தூக்கிக்கொண்டுவந்து வீட்டின் நட்ட நடுவில் வைத்தாள். வெள்ளை உடுப்பு, பின்னல், தோளில் பை.

"எங்க சாப்பாடு?" என்றான் மகன்.

"மரத்தில. புடுங்கணும், உரிக்கணும், மறுகா துருவணும். பசிக்கிற ஆள் ஆக்கட்டும்."

"நீதானே பொம்பிள."

"பொம்பிளைக்கு என்ன ரெண்டு வயிறா இரிக்கி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன். இவ்வளவு அருகில் அதை நான் கண்டதில்லை. அதன் நாக்கில் இத்தனை பல் இருப்பது எனக்குப் புதுச்செய்தி.

வேலிக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டு நின்ற மச்சாள் பொட்டுக்குள் தலையை விட்டார். "வெளிய போன புள்ளையளுக்கு என்ன நடந்த எண்டு இந்தக் குடும்பத்துக்குத் தெரியாதாகா? வீட்டுக்குள்ள இருந்தா என்ன குறைஞ்சி போகும்?"

மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவள் நின்றாள். "பெரியம்மா, கடல் வந்த நாள் வீட்டுக்குள்ள இருந்தாக்களத்தான் கொண்டுபோன."

அதைச் சொன்ன குரலில் கோபம் இருக்கவில்லை. கணக்கின் விடையைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு ஏறி மிதித்துவிட்டாள். மச்சாள் வெகுநேரம் வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பேச்சுக்கு அவளைக் கண்டிக்க வேண்டும் என்று என் வளர்ப்பு சொன்னது. கண்டிக்கவில்லை. பொய் எதையும் அவள் சொல்லியிருக்கவில்லை.

நூலகத்துக்கு லீவு அறிவித்துவிட்டு நானும் மகனும் சமைக்க உட்கார்ந்தோம். படித்தவன் செய்யக்கூடியதை முதலில் செய்தேன்: சமையல் புத்தகம் தேடினேன். நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒன்று இருந்தது. அதில் எங்கள் ஊரில் கிடைக்காத பருப்பால் நாங்கள் சாப்பிடாத ஒரு பலகாரத்தை எப்படி அலங்கரிப்பது என்று இருந்தது. சோற்றுக்கு ஊற்றும் புளியாணம் எப்படி வைப்பது என்று அச்சில் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்கு எல்லாம் யாரோ வைத்துக்கொடுத்திருக்க வேண்டும்.

"அப்பா, உங்களுக்கு என்னதான் ஆக்கத் தெரியும்?"

"பருப்பு" என்றேன், மார்பை நிமிர்த்தி.

எனக்குத் தெரிந்த அளவு கிடாரத்தின் அளவு. அதை மூன்று பேருக்குக் குறைக்கத் தெரியாது. மூன்றால் பெருக்குவது வகுப்பது எல்லாம் தெரியும், கை கேட்கவில்லை. உப்பைக் கை அள்ளித்தான் போடும், மஞ்சளை வீசித்தான் போடும், பூசணிக்காய் என்றால் முழுக்காய். இருந்த பெரிய பானை நிறைந்து, அடுத்த பானையும் நிறைந்து, கடைசியில் குளிக்க வைத்திருந்த அலுமினிய வாளியும் நிறைந்தது. மகன் வாளியைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆரு ஆரு வாறாங்க?" என்றான்.

எறிவதற்கு மனம் வரவில்லை. அவனைக் கொண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லி அனுப்பினேன். அந்த ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களோடு அதே முகாமில் இருந்தவர்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் கரண்டியை வாயில் வைத்த பக்கத்து வீட்டு மனிதர், கண்ணை மூடிக்கொண்டார்.

"டேய், இது முகாம் பருப்புடா!"

அதற்குப் பிறகு அடக்க ஏலாமல் போய்விட்டது. பெரிய ஆட்கள் கோப்பையோடு வந்து எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். "நிவாரண அட்டை காட்டணுமா சேர்?" என்றார் ஒருவர். "முன்னுக்கு நிக்கிறவர் ரெண்டாந்தரம் எடுக்கிறார், பிடிங்க!" என்று இன்னொருவர். "சவள் எங்க? கரண்டியால கிண்டினா ருசி வராது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு பெண் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துத் தந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். முகாமில் அவள் தனியாள். கடலுக்கு முதல் அப்படியல்ல. மற்றவர்கள் வாளியின் அடிவரை சாப்பிட்டார்கள்.

பின்னேரம் வந்த மகள் ருசி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உப்பு. ஆனா நான் ஆக்கல்ல."

மச்சாள் விடவில்லை. வாளிக் கதை வளைகுடா வரை போய்ச்சேர அவர் வழிசெய்தார். தன் கைத்தொலைபேசியோடு வந்து, சத்தத்தைக் கூட்டிவைத்து, எங்கள் முன்னால் நீட்டினார்.

"உன்ட மனுசன் வாளியில ஆக்குறாரு தங்கச்சி. ஊர் சிரிக்கிது. புள்ளய நான் என்னோட வச்சிப் பாத்துக்கிறன், மூண்டு பேருக்கும் நான் சோறு தாறன். இவர் ஓம் எண்டாப் போதும்."

மனைவி கேட்டாள்: "வாளியக் கழுவினீங்களா?"

"கழுவின."

"முதலா, மறுகாவா?"

"ரெண்டு தரமும்."

"அப்ப என்ன பிரச்சின? அக்கா, அவர்கிட்டயே கேளு. வீடு அவர்ர பேர்லதானே."

அது எங்கள் இரண்டு வளவிலும் அடிக்கடி சிரிக்கப்பட்ட விசயம். வீடு தந்த அதிகாரிகள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, எங்கள் ஊர் வழமை தெரியாமல், ஆண்களின் பெயரை எழுதிவிட்டார்கள். என் பரம்பரையில் வீடு வைத்திருந்த முதல் ஆண் நான். அதுவரை அந்த உரிமையை வைத்து ஒரு சாரத்தைக்கூட நான் விரும்பிய கொடியில் காயப்போட்டது கிடையாது.

"சொல்லுங்க மச்சான்" என்றார் மச்சாள். "நீங்க இண்டைக்கி உயிரோட இரிக்கிறது எப்பிடி? உங்கட அம்மா உங்கள வீட்டுக்குள்ள வச்சிருந்ததாலதான். என்ட புள்ளய நான் விட்டன். விட்டதாலதான்."

இதற்கு மேல் உண்மையான ஒன்றை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மகள் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும், தொலைபேசியில் இருந்தவளுக்கும் தெரியும், இதுவரை எந்தக் கேள்விக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை என்று.

"ஓம் மச்சாள், உயிரோட இரிக்கன்" என்றேன். "ஒரு முட்ட அவிக்கத் தெரியாம, ஒரு தண்ணியக் கடக்கத் தெரியாம, கடைக்குப் போய்வரத் தெரியாம இரிக்கன். அம்மாவக் குறை சொல்லல்ல. அவக்கு வேற வழி இருக்கல்ல. ஆனா என்னப்போல இன்னொண்ட நான் வளக்க மாட்டன். அவள் போவாள். சோறு நாங்க ஆக்குவம். வாளியிலதான் ஆக்குவம் எண்டா வாளியில."

வீரவசனம் என்று ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். தொலைபேசிக்குள்ளிருந்து மனைவி, "இவர்தானா பேசுற?" என்று அக்காவிடம் கேட்டாள்.

பயமில்லாமல் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவள் சைக்கிள் மணி கேட்கும்வரை என் கையில் எந்த வேலையும் ஓடியதில்லை. எத்தனையோ கறி அந்த நேரத்தில்தான் அடிப்பிடித்தது. ஆனாலும் மறுநாள் காலை அவளை மறிக்கவில்லை. மறிக்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிடிவாதம் வேண்டியிருந்தது; முதல்நாள் பிடிவாதம் மறுநாளுக்குச் செல்லாது.

சமையலை முதலில் பிடித்தது மகன்தான். நான் யோசிப்பேன், அவன் ருசி பார்ப்பான். மீன்காரரின் பெட்டியடியில் குந்தியிருந்து, செவுளைப் பார்ப்பது எப்படி, எந்த மீனுக்குப் புளி, எதற்குப் பால் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். மணம் பிடித்து அயல்வீட்டுக் குசினிகளுக்குள் போய் நிற்பான். பெண்கள் முதலில் விரட்டினார்கள், பிறகு வெங்காயம் உரிக்க விட்டார்கள். பாடசாலையில் அவனைக் குசினிக்காரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "உனக்கு இன்னும் உன்ட அம்மா சோறு தீத்திவிடுறவவா?" என்று திருப்பிக் கேட்டானாம். கேட்கப்பட்டவன் அழுதுவிட்டான் என்று புகார் வந்தது. அந்தப் புகாருக்குப் போய் நின்றபோது நான் தலையைக் குனிந்திருந்தேன். முகத்தில் இருந்தது வெட்கமில்லை.

யுத்தம் முடிந்தது என்று பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கொளுத்தவில்லை, ஒருவரும் அழவுமில்லை. மச்சாள் மட்டும் அன்று பின்னேரமே ஒரு பையை அடுக்கினார். வடக்கில் தடுத்துவைத்திருக்கிறவர்களுக்குள் அவர் மகன் இருக்கக்கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் மாறி மாறிப் போய், ஒவ்வொரு கம்பிவேலியிலும் படத்தைக் காட்டிவிட்டு வந்தார். வந்த பிறகு அவர் வீட்டில் புகை எழவில்லை. என் மகன் மீன் ஆணமும் சோறும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். முதல்நாள் கோப்பை வைத்தது வைத்தபடியே இருந்தது. அடுத்தநாளும் கொண்டுபோனான். பிறகு ஒருநாள் கழுவிய கோப்பை வேலிப் பொட்டில் இருந்தது.

அந்த வருடம்தான் மகள் ஏ.எல். எடுத்தாள். பௌதிகத்தில் தவறிவிட்டாள்.

பெறுபேறு வந்த அன்று அவள் அழுதாள், முகம் கழுவினாள், சாப்பிட்டாள். பிறகு, "இன்னொருக்கா எடுக்கிறன்" என்றாள். வேறு பேச்சில்லை. மறுநாள் காலை, பழைய வெள்ளை உடுப்புக்குப் பதிலாகச் சாதாரணச் சட்டையோடு, சைக்கிளை எடுத்துக்கொண்டு டியூசனுக்கு மறுபடி பெயர் கொடுக்கப் போனாள். நான் அடுப்படியில் புளியாணம் வைத்துக்கொண்டிருந்தேன். மகன் பாடசாலைக்குப் போயிருந்தான். அன்றைய சமையல் என் பொறுப்பு.

வேலிப் பொட்டில் மச்சாள் நின்றார். இந்தத் தடவை தலையை உள்ளே விடவில்லை.

"தவறிட்டாளாமே."

"ஓம்."

"இவ்வளவு பாடும் பட்டது இதுக்கா மச்சான்?"

"ஓம் மச்சாள், இதுக்குத்தான். தவறுறதெண்டாலும் போய்த்தான் தவறணும்."

"இன்னம் எத்தின காலத்துக்கு இப்பிடி அடுப்புக்குள்ள நிக்கப் போறீங்க?"

"அவள் போதும் எண்டு சொல்லும்வரைக்கும்."

அவர் ஒழுங்கையின் முனையைப் பார்த்தார். சைக்கிள் அப்போதுதான் திரும்பி மறைந்திருந்தது. நான் கரண்டியில் கொஞ்சம் புளியாணம் எடுத்து, ஊதி, வேலிக்கு மேலால் நீட்டினேன். அவர் உள்ளங்கையில் ஊற்றச் சொல்லி வாங்கி, நக்கிப் பார்த்தார்.

"உப்புக் கூட" என்றார்.

"தெரியும்" என்றேன். "அவள் வந்து இதத்தான் தின்னப்போறாள்."